சுடும் வாசலை எழுதிய கைகளுக்கு

பிஜி நாட்டின் வனுவா லெவுத் தீவின் தென்கரையில் எங்கள் மருத்துவமனை தழைக்கத் தலைமுறை ஒன்றின் காலம் தளராது உழைத்து, இன்று பணி நிறைவு காணும் அறுவை மருத்துவர் விலிமைனா நாவுகா அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உளமுவந்து அளிக்கும் மடல்.

கத்தியைக் கையில் எடுத்தபோதும் கருணையைக் கீழே வைக்காத கரத்தினரே! வெட்டுவதில் வல்லவராயிருந்தும் வெட்டாமல் காக்கும் வழியையே வாழ்நாளெல்லாம் தேடிய வித்தகரே! கடல்கடந்த மருத்துவ இதழ்கள் கொண்டாடிய பின்னும் எங்கள் கேண்டீன் மரவள்ளிக்கிழங்கைக் குறைசொல்ல மறவாத அம்மையீர்! வணக்கம்.

தாங்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் பல. அத்தனையும் எங்களுக்கு விளங்கின என்றால் தாங்களே நம்ப மாட்டீர்கள். ஆயினும் ஒன்றை மட்டும் இங்குள்ள அனைவரும் அறிவோம். அது எசெரோமா ஐயாவின் காலைப் பற்றியது.

தேவாலயப் பணிகளைக் கவனிக்கும் பெரியவரான அவர், சர்க்கரை நோய்க்கு ஒரு காலை முன்பே பறிகொடுத்தவர். மிஞ்சிய பாதமும் மரத்துப்போய், அதிலும் புண் வந்தது. தாங்கள் ஆற்றினீர்கள், தடித்த செருப்பு கொடுத்தீர்கள், புண் மீண்டும் வந்தது. அவர் செருப்பே அணிவதில்லை என்று நாங்கள் ஆளாளுக்கு அவரை வறுத்தெடுத்தோம். இந்தக் காலையும் எடுக்க வேண்டிவரும் என்று தாங்கள் கலங்கி நின்ற நாள்கள் அவை.

ஒரு நண்பகலில், நம் கால்புண் பிரிவின் வாசலில் ஊன்றுகோலோடு வரிசையில் நின்று அவர் ரக்பி கதை பேசிக்கொண்டிருந்தார். செருப்பு ஓரமாகக் கிடந்தது. செருப்பை வெளியே விட வேண்டும் என்பது சுத்தத்துக்காகத் தாங்களே வைத்த விதி. என்ன தோன்றிற்றோ, தாங்களும் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றீர்கள். நின்ற வேகத்தில் துள்ளிக் குதித்தீர்கள். வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரை அப்படிச் சுட்டது. நாங்கள் சிரித்தோம். எசெரோமா ஐயாவோ அதே தரையில் ஆடாமல் நின்றபடி, என்ன ஆயிற்று என்று கேட்டார். தங்கள் முகம் வெளிறிப்போனது.

விதி அன்றே ஒழிந்தது. ஆனால் வீடும் கோயிலும் மிச்சமிருந்தன. அங்கும் செருப்பணியச் சொன்னபோது எசெரோமா ஐயா இசையவில்லை.

"ஒரு கால் ஏற்கெனவே போயாச்சு. இன்னொண்ணும் போனாப் போகட்டும் டாக்டரம்மா. செருப்போட கோயிலுக்குள்ள நுழைஞ்சவன்னு எம்பேரு கெடக் கூடாது."

பெரியவர்களிடம் ஒன்றைக் கேட்கப் போவோர் செய்வதுபோல், பானம் கரைக்கும் யங்கோனா வேர்க்கட்டைக் காணிக்கையாகச் சுமந்து போதகர் வைசாகே முன் பாயில் அமர்ந்தீர்கள். தங்கள் வேண்டுகோளுக்கு இசைந்ததன் அடையாளமாக அவர் வேரை எடுத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு, சரக் சரக்கென்று செருப்பு ஒலிக்கப் பிரசங்க மேடை ஏறினார். பின்வரிசையில் எசெரோமா ஐயா அழுதார். அதற்கடுத்த வாரம் அவரும் செருப்போடு உள்ளே வந்தார். புண் ஆறியது.

இதைக் கட்டுரையாக்கியபோது, "இப்புண்களுள் சில எங்கள் வாசலிலேயே உண்டானவை, அவ்விதியை வகுத்தவள் நான்" என்று எழுதினீர்கள். மருத்துவமனையின் மானம் போகும், அந்த வரியை நீக்குங்கள் என்று மேலதிகாரி நச்சரித்தார். தாங்கள் மசியவில்லை.

"அந்த வரிய எடுத்துட்டா அப்புறம் கட்டுரை எதுக்கு? என் வாசல நானே சொல்லலைன்னா, வேற எவன் தன் வாசலப் பாப்பான்?"

பார்த்தார்கள், அம்மையீர்! தீவு தீவாகத் தத்தம் மருத்துவமனை வாசலைப் பார்த்தார்கள். காலை வெட்டுமுன் அந்தக் கால் நடந்துவரும் வழியைப் பார் என்று இன்று மாணவர்களுக்குக் கற்பிக்கிறார்கள். தங்களால் எத்தனை பேர் இரு காலில் நடக்கிறார்கள் என்பது தங்களுக்கே தெரியாது. எங்களுக்கு அதில் கொள்ளைப் பெருமை.

நோயின்றி, நொடியின்றி, நெடுங்காலம் வாழ்க! மீன் பிடிக்கப் போவதாகச் சொல்கிறீர்கள். மீன்களேனும் தங்கள் கத்திக்குத் தப்பாதிருக்கட்டும்.

முன்வரிசையில் எசெரோமா ஐயா தம் சொந்தக் காலை ஊன்றி அமர்ந்திருக்கிறார். புதுப் பாய் விரித்த மண்டபம் இது. பாய் பாழாகுமே என்று காலையிலிருந்து புலம்பிய சிஸ்டர் மகெரெத்தாதான் செருப்போடு முதலில் நுழைந்தார்.

ஒருமுறை திரும்பி வாசலைப் பாருங்கள், அம்மா. அங்கே ஒரு செருப்புக்கூட இல்லை.

என்றும் தங்கள் அன்பில் நிற்கும்,
அறுவைப் பிரிவு, கால்புண் பிரிவுப் பணியாளர்கள்