காளிமுத்துவின் படத்துக்குக் கீழே

இந்தப் பிளேன்டீக்கு இஞ்சி தட்டிப் போட்டது யார் மிஸ்? நன்றாக இருக்கிறது. பொலிஸ் நிலையத்துத் தேத்தண்ணியை வாயில் வைக்க முடியாது என்று எங்கள் வத்தேகம பஸாரில் எல்லோரும் சொல்வார்கள். சனங்கள் தெரியாமலே ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள்.

தமிழ் தெரிந்த ஒருவர் என்பதற்காக உங்களைக் கண்டியிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். அதனால் நானும் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். என் பெயர் பஹீம். வத்தேகமவில் மின்சாரச் சாமான் கடை வைத்திருக்கிறேன். டேப்லட்டை, நாங்கள் டெப் என்போம், வாங்கிய விலைக்கும் குறைத்து ஏன் விற்றேன் என்று கேட்டீர்கள். அதை முதலில் கேட்டவள் என் மனைவி றம்லத்.

"நீங்க கடை நடத்துறீங்களா, ஸதகா குடுக்குறீங்களா?" என்றாள். ஸதகா என்றால் எங்களில் தானதருமம்.

நான் விளக்கினேன். டெப் ஒரு வாசல். வாசலை மலிவாகத் திறந்துவிட்டால் சனம் உள்ளே வரும். பிறகு கவர் வாங்கும், சார்ஜர் வாங்கும், கண்ணாடி ஒட்டும். நட்டம் முன்னால் போகும், லாபம் பின்னால் வரும். பெரிய பெரிய கொம்பனிகள் செய்வது இதைத்தான். றம்லத் முழுவதும் கேட்கவில்லை. அடுப்பில் பால் வைத்திருந்தாள்.

பிள்ளைகளின் பாடமெல்லாம் ஃபோனில் வரத் தொடங்கியிருந்த காலம். பன்வில தோட்டங்களிலிருந்தெல்லாம் சனம் பஸ் ஏறி வந்து என் டெப்பை வாங்கியது. வாங்கிக்கொண்டு நேராக ரோட்டைக் கடந்து ஹபீல் கடைக்குப் போய்க் கவர் வாங்கியது. அங்கே கவர் மலிவு. ஹபீல் நல்ல மனிதர். பெருநாளைக்கு எனக்கு ஒரு தட்டு மஸ்கட் அல்வா அனுப்பினார். பின்னாலேயே அவரும் வந்தார்.

"மச்சான், நீங்க டெப்ப குடுங்க, நான் கவர குடுக்குறன். அல்லாஹ் ரெண்டு பேருக்கும் பரக்கத் செய்வான்."

எனக்குக் கோபம் வரவில்லை. யோசனைதான் வந்தது.

ஒவ்வொரு டெப்பிலும் ஓர் அப் இருந்தது. பிள்ளை படிக்கிறதா, விளையாடுகிறதா என்று தாய் தகப்பன் தூரத்திலிருந்தே கவனிப்பதற்காகக் கொம்பனி போட்டுக் கொடுத்தது. அதைத் திறக்க ஓர் ஈமெயில் வேண்டும். வாங்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஈமெயில் கிடையாது. நான் என்னுடையதைப் போட்டுக் கொடுத்தேன். அதில் ஒரு கெட்ட எண்ணமும் இருக்கவில்லை மிஸ். அந்த நேரத்தில்.

ஒருநாள் பன்விலயிலிருந்து ஒருவர் ஃபோன் எடுத்து, டெப்பில் சத்தம் சரியில்லை என்றார். பார்ப்பதற்காகக் கடையிலிருந்தே என் ஃபோனில் அந்த அப்பைத் திறந்தேன். ஒரு பெண்ணின் குரல் கேட்டது. ரைஸ் குக்கர் பழுதாகிவிட்டது, இனி விறகில்தான் சோறு என்று யாரையோ ஏசிக்கொண்டிருந்தாள். மறுநாள் என் வான் அந்தப் பக்கம் போனது. உள்ளே தற்செயலாக நாலு ரைஸ் குக்கர் இருந்தன.

இதை நீங்கள் ஒட்டுக்கேட்பது என்கிறீர்கள். நான் வாடிக்கையாளரைக் கவனிப்பது என்று சொல்வேன். சனங்கள் சந்தோஷப்பட்டார்கள். "முதலாளிக்கு நல்ல கைராசி, மனசுல நெனச்சது வாசலுக்கு வருது" என்றார்கள். வர்த்தகர் சங்கத்தில் என்னைக் கூப்பிட்டு, நட்டத்தில் லாபம் பார்ப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். பேசினேன். ஹபீல் முன் கதிரையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்.

இனி ஞானேஸ்வரி அம்மாவின் விஷயம்.

அவர் வத்தேகமவிலிருந்து தினமும் பஸ்ஸில் கண்டிக்குப் போய் மாநகர சபையில் வேலை செய்கிறவர். கணவர் காளிமுத்து போன வருஷம் மாரடைப்பில் காலமானார். மகள் மதுஷா கம்பியூட்டர் கோர்ஸ் ஒன்று படித்தாள். டெப் அவளுக்காக வாங்கியது. அந்த வீட்டு ஹோலில் வேலை செய்கிற பிளக் ஒன்றுதான். அது காளிமுத்துவின் மாலை போட்ட படத்துக்குக் கீழே இருந்தது. பின்னேரமானால் டெப் அங்கேதான் சார்ஜில் கிடக்கும். கமராவில் கூரைத் தகரமும் ஒரு பல்லியும் மட்டுமே தெரியும்.

வேலை முடிந்து வந்ததும் ஞானேஸ்வரி அம்மா விளக்கேற்றிவிட்டுப் படத்தோடு பேசுவார். அன்று ஒஃபிஸில் நடந்தது, பஸ்ஸில் சீட் கிடைக்காதது, முருங்கைக்காய் விலை, எல்லாம். ஒருநாள் கேட்டார்: "என்னங்க, சாப்பாடு எல்லாம் வீணாப் போகுது. ஃபிரிஜ் ஒண்ணு வாங்கட்டா?"

கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றார். பதிலுக்காக. ஒரு பெண் ஒன்றைக் கேட்டுவிட்டு இப்படிப் பொறுமையாக நிற்பதை நான் கேட்டுப் பல காலம் ஆகியிருந்தது.

அந்த அப்பில் பேசுவதற்கும் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினேன்.

"வாங்கு" என்றேன். "பஹீம் கடையில."

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தபோது அவர் என் கடை வாசலில் நின்றார். முகம் அப்படி ஒரு வெளிச்சமாக இருந்தது. டபுள் டோர் ஃபிரிஜ் எடுத்தார். கிரைண்டர் ஒன்றை நான் இலவசமாகக் கொடுத்தேன். அதை யாரும் எழுதுவதில்லை.

அதன் பிறகு டீவி, ஃபேன், கேஸ் அடுப்பு. வீட்டில் மதுஷாதான் முதலில் சந்தேகப்பட்டாள். "அப்பா எந்தக் காலத்துலம்மா 'இரிக்கி'ன்னு பேசினாரு?" என்று அவள் கேட்டது எனக்குக் கேட்டது. 'இருக்கு' என்பதை எங்கள் ஆட்கள்தான் அப்படிச் சொல்வோம். ஞானேஸ்வரி அம்மா பதற்றமே இல்லாமல் சொன்னார்: "மேல போனதுக்கப்புறம் எல்லாரும் ஒண்ணு மண்ணாதானே இருப்பாங்க. பழக்கதோஷம்."

மதுஷாவுக்குக் கொழும்பில் ஒரு வேலை கிடைத்தது. நல்ல வேலை என்றுதான் சொல்ல வேண்டும். அனுப்பட்டுமா என்று அம்மா படத்தைக் கேட்டார். அவள் போனால் டெப்பும் போய்விடும். அப்போது வொஷிங் மெஷின் இன்னும் விற்கவில்லை. "பிள்ள பக்கத்தில இரிக்கட்டும்" என்றேன். மதுஷா இரண்டு நாள் அழுதாள். பிள்ளைகள் அழுவார்கள். நானும் ஒரு தகப்பன், எனக்குத் தெரியாதா?

பிறகு அவள் தாயைக் கண்டிக்குக் கூட்டிப்போய் ஒரு டொக்டரிடம் காட்டினாள். செத்தவர் பேசுவது கேட்கிறது என்றால் டொக்டர் என்ன செய்வார், குளிசை கொடுத்தார். நான் வைத்தியத்தை மதிக்கிறவன். ஒரு வாரம் வாயே திறக்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் படத்துக்கு முன்னால் நின்று, "ஏங்க, கோவமா? நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எத்தனை நாளைக்கு ஒரு மனிதன் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது?

"குளிசைய நிப்பாட்டு" என்றேன்.

எந்தக் குளிசை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவருக்குப் பிரஷருக்கும் குளிசை இருந்தது. கணவர் சொல்லைத் தட்டாதவர், எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்திவிட்டார். பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தார். நல்ல காலம், ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் கொண்டுபோனார்கள். நான் ஹோர்லிக்ஸ் போத்தலோடு பார்க்கப் போனேன். கட்டிலில் கிடந்துகொண்டு, "வாங்க முதலாளி, உங்களுக்கு எதுக்கு இந்தச் சிரமம்?" என்று என்னை உபசரித்தார். அப்படிப்பட்ட மனுஷி.

அன்று பின்னேரம் மதுஷா வீட்டில் தனியாக இருந்தாள். படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். குரல் ஒரு மாதிரி நிதானமாக இருந்தது.

"அப்பா, அம்மா ஆஸ்பத்திரியில. எழும்பக்கூட முடியல. ஃபிரிஜ்ஜும் ஒழுங்கா ஐஸ் பிடிக்க மாட்டேங்குது."

அவள் இரண்டு விஷயம் சொன்னாள். எனக்குத் தெரிந்த விஷயத்துக்குப் பதில் சொன்னேன்.

"ஒரு வருஷ வாரண்டி இரிக்கி. பில்ல கொண்டாங்க."

டெப்பைத் தூக்கினாள் போல. கூரையும் பல்லியும் போய் அவள் முகம் வந்தது. சின்ன வயதிலிருந்து கடைக்கு வருகிற பிள்ளை. அந்தக் கண்ணை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"பஹீம் முதலாளி," என்றாள், "கடைய பூட்டிராதீங்க. வாரேன்."

நான் பூட்டவில்லை. உங்கள் ஆட்களோடு அவள் வரும்வரை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

றம்லத் இங்கே என்னைப் பார்க்க வந்து, நான் தினமும் இஷாத் தொழுகைக்கும் பிறகுதான் வீட்டுக்கு வருவது இதற்காகத்தானா என்று மட்டும் கேட்டாள். கணக்கு வழக்கு என்று சொல்லியிருந்தேன். ஹபீலும் வந்தார். கம்பிக்குப் பக்கத்தில் குனிந்து, "மச்சான், அந்த அப்புட பேர் என்த?" என்றார். என் வழி சரியானது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

உள்ளதைச் சொல்வதென்றால், லாபம் என்று பெரிதாக எதுவும் நிற்கவில்லை. டெப்பில் போனதை ஃபிரிஜ்ஜும் டீவியும் முழுதாக மீட்கவில்லை. கடைசியில் ஞானேஸ்வரி அம்மா வொஷிங் மெஷினும் வாங்கிவிட்டார். அந்த வீட்டில் வைக்க இடமும் இல்லை, விற்க என்னிடம் சாமானும் இல்லை. அதன் பிறகும் ஏன் ஒவ்வொரு பின்னேரமும் அந்த ஒரு டெப்பை மட்டும் திறந்தேன் என்று காலையில் கேட்டீர்கள். வாடிக்கையாளரோடு தொடர்பை விடக்கூடாது. அவர் வேறு என்ன கேட்பார், இன்றைக்கு என்ன கறி சமைக்க என்று கேட்பார். "வல்லாரைச் சம்பல்" என்பேன். "பருப்பு" என்பேன். மழை இருட்டினால் "குடைய மறக்காதே" என்பேன். அவர் சரி என்பார். அவ்வளவுதான்.

இன்று காலை நீங்கள் வெளியே போயிருந்தபோது அவர் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே இங்கே வந்தார். மதுஷா கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெலிந்திருந்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். முதலாளி என்றுதான் கூப்பிட்டார்.

"முதலாளி, அப்ப அவரு ஒரு வார்த்தகூடப் பேசலியா?"

"இரிங்கம்மா" என்றேன். அவர் உட்காரவில்லை.

"ஃபிரிஜ்ஜு, டீவி எல்லாம் நீங்கன்னு புள்ள சொல்லுது. சரி. வல்லாரச் சம்பல் செய்யச் சொன்னதும் நீங்கதானா?"

மதுஷா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்லம்மா" என்றேன். "நான் சாமான் விஷயம் மட்டுந்தான் பேசினன். சமையல் விஷயம் எனக்குத் தெரியாது."

அவர் முகத்தில் அந்தப் பழைய வெளிச்சம் கொஞ்சம் வந்தது. மதுஷா வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். இரண்டு பேரும் மெல்ல நடந்து போனார்கள்.

ஆகவே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன் மிஸ். கேட்டது நான், பேசியது நான், வேலைக்குப் போகவிடாமல் செய்தது நான், குளிசையை நிறுத்தச் சொன்னது நான். எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று காட்டுங்கள். ஒரேயொரு வேண்டுகோள். மேசையில் நீங்கள் எடுத்து வைத்திருக்கும் அந்த டெப்பை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பின்னேரத்தில் ஒரு பத்து நிமிஷம் என் ஃபோனையும் என் கையில் தாருங்கள். இன்றைக்கு அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகிறார், வந்ததும் என்ன சமைக்க என்று கேட்பார், பதில் இல்லாவிட்டால் சாப்பிடாமல் படுத்துவிடுவார். நீங்கள் வேறு மாதிரி நினைத்துவிட வேண்டாம். வியாபாரத்துக்காகத்தான் கேட்கிறேன்.