வக்கீலம்மா வர்றதுக்குள்ள

— பிபி மாத்திரை?

— போட்டாச்சு மாப்பிள்ளை.

— காது மெஷின்?

— மாட்டியாச்சு. இல்லன்னா நீங்க முணுமுணுக்கறது எனக்கு எங்க கேக்கும்?

— வாக்கர் கைக்கெட்டுற தூரத்துல இருக்கு. இருங்க, கேஸைப் பாத்துட்டு வந்துடறேன்.

— இப்பத்தானே பாத்தீங்க! அடுப்பு என்ன, எந்திரிச்சு ஓடவா போகுது?

— பாத்துட்டேன். அணைஞ்சுதான் இருக்கு.

— உக்காருங்க. வக்கீலம்மா வர்ற நேரம். எனக்கு நினைவு தப்பிட்டா வைத்தியம், வீடு எல்லாத்துக்கும் முடிவெடுக்க ஒரு ஆளைச் சொல்லணுமாம். என் மகன் பேரைத்தான் சொல்லப்போறேன்.

— மச்சான் உங்களை முதியோர் ஹோம்ல விட்டுடுவார் அத்தை. போன்லயே சொன்னாரே.

— தெரியும்.

— அந்த ஹோமைப் பாத்துட்டு வந்து ராத்திரி பூரா உக்காந்தே இருந்தீங்க.

— ஒருத்தியைக் கட்டிலோட துணியால கட்டிப் போட்டிருந்தாங்க. என்னைப் பாத்து 'அவுத்து விடு, அவுத்து விடு'ங்கறா.

— அப்புறம் எதுக்கு? என் பேரைச் சொல்லுங்க.

— உங்களுக்கு முப்பத்திநாலு வயசு. மாமியாருக்கு வெந்நீர் வெச்சே கிழவனாகப் போறீங்களா?

— வெந்நீர்தானே. வெச்சுட்டுப் போறேன்.

— விளையாடாதீங்க. சாகப்போறவ, 'அம்மாவைப் பாத்துக்கோங்க'ன்னு உங்க கழுத்துல ஒரு கல்லைக் கட்டிட்டுப் போயிட்டா. பெத்தவ நான்தான் அதை அவுக்கணும்.

— அத்தை...

— மணி அடிக்குது பாருங்க. போய்க் கதவைத் திறங்க.

— அவ அப்படிச் சொல்லல.

— என்ன?

— எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் கேட்டீங்க, கடைசியா என்ன சொன்னான்னு. உங்க முகத்தைப் பாத்தேன். வாயில வந்ததைச் சொல்லிட்டேன்.

— அப்ப இத்தனை நாளா இங்கயே எதுக்கு...

— தனியா இருக்க பயமா இருக்கு அத்தை.

— இப்படிப் பக்கத்துல வாங்க.

— மறுபடி அடிக்கறாங்க.

— அடிக்கட்டும். உங்க பேரையே சொல்றேன், போதுமா? ஆனா இந்தத் தடவை பொய் சொல்லக்கூடாது. என் மக நிஜமா என்னதான் சொன்னா?

— ஆம்புலன்ஸ்ல ஏத்தறப்ப சட்டையைப் பிடிச்சு இழுத்தா. குனிஞ்சேன். 'கேஸை அணைச்சீங்களா'ன்னா.