மங்கோடி காயும் மாடி

— கவ்ரி, மேல என்னடி சரக்கு சரக்குன்னு சத்தம்? விடிஞ்சதுலேருந்து நிக்கவே இல்லையே.

— மங்கோடி கிள்ளி வைக்கிறேன், லிச்மா அப்பா. வேற என்ன, மாடியில கூத்தா ஆடறேன்?

— பருப்பு மாவைக் கிள்ளி வத்தல் போட்டா சத்தம் வருமா? ஏதோ தேய்க்கற மாதிரில்ல இருக்கு.

— காயப்போடற மாடிக் கல்லைப் பெருக்க வேணாமா? மண்ணு ஒட்டினா சேட்டு வாங்குவாரா? பேசாம படுங்க.

— படுங்கறா! எழுந்து ஓடிடப் போறேன் பாரு. கல்குவாரியில ரெண்டு காலையும் குடுத்துட்டு வந்தவனுக்குக் கயித்துக் கட்டிலை விட்டா வேற ஏது கதி? ஏய், சுண்ணாம்பு வாசனை அடிக்குது.

— அது பக்கத்து வீட்டு சுக்னி மாடி. மகளிர் குழுப் பொம்பளைங்க தெருத்தெருவா, வீட்டுக்குள்ள சூடு இறங்காம இருக்க, மாடிக்கு வெள்ளையடிக்கறாங்கன்னு நேத்தே சொன்னேனே. அடிச்ச வீட்டுக்குள்ள மத்தியானம் கூட வெறுங்காலோட நடக்கறாங்களாம்.

— நடக்கட்டும். அவங்க மாடி சும்மா கிடக்குது. நமக்கு மாடிதான் சோறு போடுது, கேட்டியா? கல்லு கொதிச்சாத்தான் மங்கோடி அடியில காயும். வெள்ளையடிச்சா ஈரம் நின்னு பூஞ்சை பிடிக்கும். சேட்டு மூஞ்சியிலயே விட்டெறிவாரு.

— ஆமா போங்க. மேல மங்கோடி காயுதோ இல்லையோ, கீழ நீங்க காயறீங்க.

— எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். பிகானேர்ல பொறந்தவனுக்கு வெயில் புதுசா?

— நல்லா இருந்தவருதான் முந்தாநாள் என்னை அடையாளம் தெரியாம "யாரும்மா நீ"ன்னு கேட்டீங்களா? இன்னொரு தடவை இப்படிச் சூடு தலைக்கேறினா ஆள் பிழைக்காதுன்னு டாக்டர் சொன்னாரு. அன்னையிலேருந்து எனக்குத் தூக்கமே போச்சு.

— அவருக்கென்ன, ஏசியில உக்காந்து சொல்லுவாரு. ஒரு கூலர் வாங்கிப் போட்டா ஆச்சு.

— அதுக்குத் தண்ணி? குடிக்கற பானையிலேருந்து மொண்டு ஊத்தவா? கரண்டும் சரியா உச்சி வேளை பார்த்துத்தான் போகுது.

— சரி, விடு. கல்யாணமாகி முதல் தீஜ் பண்டிகை, லிச்மா வீட்டுக்கு வர்றா. ஒரு சேலை, கொஞ்சம் இனிப்புகூட இல்லாம திருப்பி அனுப்புவியா? அதுக்கு இந்த மங்கோடியை விட்டா வழி இல்ல. குழுக்காரிங்களை ஏத்த மாட்டேன்னு சத்தியம் பண்ணு.

— கர்ணி மாதா மேல ஆணையா, ஒருத்தியையும் ஏத்தல. போதுமா?

— அப்பாடா... ஏய், என்னது கையில சொட்டுது? வெளிச்ச ஓட்டை வழியா என்னமோ விழுதுடி. வெள்ளையா இருக்கு. கவ்ரி!

— குழுக்காரிங்க ஏறலைங்க. சுண்ணாம்பு மட்டும் கேட்டு வாங்கினேன். நானேதான் அடிக்கறேன்.

— பாவி! லிச்மா மூஞ்சியில எப்படி முழிப்பேன்? மங்கோடியை எங்க வைப்பே, என் தலையிலயா?

— கத்தாதீங்க, மறுபடி மயக்கம் வந்துடப் போகுது. அதை யோசிக்காமலா வாளியைத் தூக்கினேன்? உங்க கட்டில் இருக்கற அறைக்கு மேல மட்டும்தான் அடிச்சேன். பாக்கிக் கல்லு அப்படியேதான் இருக்கு. நெருக்கி வைச்சா அங்கேயே எல்லாம் காஞ்சுடும்.

— பாக்கின்னா எது?

— பின்பக்கம்.

— பின்பக்கம் அடுப்படிதானேடி இருக்கு? மாவு ஆட்டறதும் ரொட்டி சுடறதும்னு, நாள் முழுக்க நீ அதுக்குள்ளதானே நிக்கறே?