ஈரம் காயாத மூணெலைப் புல்

மூணெலைப் புல்லை மாட்டுக்கு எப்படிப் போடக்கூடாது என்பதை ஒரு பசுவைக் கொன்றுதான் கற்றுக்கொண்டேன், ஐயா. அது ஐம்பத்து மூன்றாம் வருஷம். போடிமெட்டுக்கு மேலே, எங்கள் ஏலத்தோட்டத்துத் துரை தன் பால்மாடுகளுக்காகக் குளோவர் என்ற சீமை விதையை வரவழைத்தார். விதைத்தது நான். தளதளவென்று வந்த அந்த மூணெலைப் புல்லை ஆசை ஆசையாகப் பனி ஈரத்தோடு அறுத்து, வெறும் வயிற்றோடு நின்ற மாட்டுக்கு அள்ளிப் போட்டேன். மதியத்துக்குள் இடது விலா தவில் மாதிரி உப்பி, மாடு சாய்ந்துவிட்டது. துரையைவிட நான்தான் அதிகம் அழுதேன். எனக்கு இளகிய மனசு. தோட்டத்துக் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அதன்பின் முதலில் வைக்கோல், பனி காய்ந்த பிறகே புல். இந்தச் சூட்சுமத்தை மேய்ப்பன் சோணைக்கு மட்டும் சொல்லிவைத்தேன்.

லயத்தில் சுருளியம்மாள் என்று ஒருத்தி, புருஷனை இழந்தவள், ஒற்றைப் பசுவை வைத்துப் பால் விற்றாள். என் கேலிப் பேச்சுக்குச் சிரிப்பாள். அந்த மலையில் அதற்கு வேறு ஆள் கிடையாது. தை பிறந்ததும் பசுவை ஓட்டிக்கொண்டு மலையிறங்கித் தேவாரம் ஊருக்கே போகப்போகிறேன் என்றாள். பசு இருந்தால்தானே போவாள் என்று எனக்குப் பட்டது. ஒரு காலையில் அவள் தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து, தொட்டியில் இரண்டு கட்டு ஈரப்புல் போட்டேன்.

பசு செத்ததும், யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. பக்கத்து வீட்டு மோரைக் குடிக்கவே பயந்தார்கள். "யாரையும் சந்தேகப்படாதீங்கப்பா, சோணை நல்லவன்" என்று வீடு வீடாகச் சொன்னேன். அதுவரை சோணையை யாரும் நினைக்கவே இல்லை.

அவனோ தொட்டியில் ஒட்டிக்கிடந்த தண்டோடு என்னிடம் வந்தான்.

"அண்ணே, இது ஈரத்துல அறுத்த புல்லு. இந்த விசயம் நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நான் போடலை."

"வா தம்பி, நடந்துக்கிட்டே பேசுவோம்" என்றேன்.

மூடுபனி. பாறைச் சரிவில் அவனுக்குக் கால் வழுக்கியது. ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை என்னிடம் நீட்டினான். என் கையில் புல்லறுக்கும் பண்ணருவாள் இருந்தது. அதைக் கீழே வைக்க எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. வேருக்கு அவ்வளவு நேரம் இல்லை.

மலையாளத்துப் பக்கம் ஓடிவிட்டான் என்று சொன்னேன். ஓடினவன்தான் விஷம் வைத்தவன் என்று முடிவுகட்டி, லயத்தார் நிம்மதியாக மோர் குடித்தார்கள்.

சுருளியம்மாள் தேவாரம் போகவில்லை. மூன்று வருஷம் அவளுக்கு அரிசியும் விறகும் சுமந்தேன். எனக்காகத்தான் இருக்கிறாள் என்று நிச்சயமாக நம்பினேன். நேற்று தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு போய்க் கேட்டேன்.

"மறைக்காமச் சொல்லு சுருளி. யாருக்காக இந்தக் குளிருல கெடக்க?"

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்.

"சோணைக்காகத்தாண்ணே. தைக்கு நாங்க ரெண்டு பேருந்தான் தேவாரம் போறதா இருந்தோம். அவன் மாட்டைக் கொல்லுற ஆளில்ல. என்னைக்காவது வந்தா இங்கனதான என்னையத் தேடுவான்."