சிவப்பில் நின்ற மாப்பிள்ளை

பதினோராம் கேள்விக்கு நீங்கள் விட்டிருக்கும் இடம் இரண்டு வரிதான் என்பதால் இந்தத் தாள்களைத் தனியாக இணைத்திருக்கிறேன், ஐயா. ஓய்வு பெறுகிறவர்கள் நிரப்பிக் கொடுக்க வேண்டிய படிவங்களில் இதுதான் படிக்க வசதியாக இருந்தது. எழுத்து நல்ல பெரிது. முதல் பத்துக் கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். 'பணிக்காலத்தில் சிக்னல் கருவி எதையும் சொந்தக் காரணத்துக்காக இயக்கியதுண்டா?' என்ற இடத்தில் மட்டும் பேனா நின்றது. மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு 'இல்லை' என்று எழுதியிருப்பார்கள். நான் ஆம் என்று எழுதியிருக்கிறேன். இருபத்து மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை, நான்கரை மணி நேரம்.

நீங்கள் காரில் வருகிறவர் என்று நினைக்கிறேன். அதனால் சைக்கிள்காரர்களுக்குள் இருக்கும் பெரிய சண்டை உங்கள் காதுக்கு எட்டியிருக்காது. எங்களில் இரண்டு வகை உண்டு. சிவப்பு விளக்கைப் பார்த்ததும் காலை ஊன்றி நிற்கிறவர்கள் ஒரு வகை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகை. சோம்பலால் அல்ல, தொழில் தெரிந்ததால். சின்னச் சாலைகளில் தாருக்கு அடியில் ஒரு கம்பிச் சுருளைப் புதைத்திருப்போம். மேலே இரும்பு வந்து நின்றால் அதற்குத் தெரியும், உடனே பச்சையைக் கேட்கும். காரைக் கண்டால் துள்ளும். சைக்கிளைக் கண்டால், வந்திருப்பது யார் என்று யோசிக்கும். யோசிக்க வைப்பது சாலையோரச் சிக்னல் பெட்டிக்குள் இருக்கும் ஒரு குமிழ். அதை ஆறில் வைத்தால் சைக்கிள் தெரியும், மூன்றில் வைத்தால் தெரியாது. என்னைப் பார்க்காத விளக்கை நான் ஏன் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

எதிர்க்கட்சி என் நண்பன். பள்ளிக்கூடத்திலிருந்தே ஒரே பெஞ்சு. எல்லோரும் அவனை வெள்ளைக்கோடு என்றுதான் கூப்பிடுவார்கள். சிக்னலில் அவன் முன்சக்கரம் வெள்ளைக் கோட்டுக்கு ஒரு சாண் பின்னால் நிற்கும். ஆளே இல்லாத தெருவிலும் திரும்புவதற்கு முன் கை காட்டுவான். எங்கள் வீட்டுக் கூடத்திலிருந்து சமையலறைக்குத் திரும்பும்போதுகூட ஒரு தடவை கை காட்டினான் என்று என் அம்மா சொல்வாள். அது அவள் இட்டுக்கட்டியது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவன் வேலை. மயிரிழை பிசகினாலும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்துதான் ஓட்டுவோம். ஒவ்வொரு சிக்னலிலும் நான் தாண்டிப் போய் அந்தப் பக்கம் நின்று அவனுக்காகக் காத்திருப்பேன்.

"ரோடு காலியா இருக்குடா. யாருக்காக நிக்கிறே?"

"வரப்போறவங்களுக்காக."

"எவனும் வரலையே."

"வரலைங்கிறது இப்பத்தானே தெரிஞ்சுது?"

இப்படிப்பட்டவனோடு நான் அப்போதே முப்பது வருடமாக நட்பாக இருந்தேன் என்பதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவளை நாங்கள் சந்தித்ததும் ஒரு சிக்னலில்தான். நான் வழக்கம்போலத் தாண்டினேன். ஒரு பஸ் எனக்கு ஒரு முழம் முன்னால் கிரீச்சென்று நின்றது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"உங்களை நசுக்கிட்டு நான் எப்படிங்க சோறு திங்கிறது? கண்ணு எங்க இருக்கு?" என்றாள். அப்புறம் கோட்டுக்குப் பின்னால் சாதுவாக நின்றிருந்தவனைப் பார்த்தாள். "அவரைப் பாருங்க. அவரை மாதிரி ஒரு பத்துப் பேர் இருந்தா என் பிழைப்பு எவ்வளவு நிம்மதியா இருக்கும்."

அவன் காது சிவந்தது. அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடிக்கும்வரை பஸ் கிளம்பவில்லை. ஆகவே அவர்களைச் சேர்த்துவைத்ததே நான்தான் என்றும் சொல்லலாம். எனக்கும் அவளைப் பிடித்திருந்தது. திட்டும்போதே பிடித்துவிட்டது. அதைச் சொல்ல வாய்ப்பு வருவதற்குள் எட்டு மாதம் ஓடி, அவர்கள் பதிவுத் திருமணத்துக்கு நாளும் குறித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை, காலை பத்தரை. சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

அவளுக்கு ஒரு பழைய காயம் இருந்தது. அதை எங்கள் இருவருக்கும் முன்னால்தான் சொன்னாள்.

"ஏற்கெனவே ஒருத்தன் என்னை அதே ஆபீஸ் பெஞ்சுல மூணு மணி நேரம் உட்கார வச்சான். வரவே இல்லை. போறவங்க வர்றவங்க எல்லாம் பார்த்துட்டுப் போனாங்க. இன்னொரு தடவை அப்படி உட்கார என்னால ஆகாது. ஒரு மணி நேரம் பார்ப்பேன். அப்புறம் எழுந்து போயிடுவேன். அதுக்கப்புறம் யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது."

"பத்தரைன்னா பத்து இருபதுக்கே நிப்பேன்" என்றான் அவன்.

பொறாமை என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. எனக்கு இருந்தது கவலை. விதியைக் கட்டிக்கொண்டு அழுகிறவன் ஒரு பெண்ணையும் கட்டிக்கொண்டால், இரண்டில் எது பெரிது என்ற கேள்வி என்றைக்காவது ஒருநாள் வரத்தானே செய்யும்? இரண்டு குழந்தை பிறந்த பிறகு வருவதைவிட முன்னதாகவே வந்துவிடுவது அவளுக்கும் நல்லது. அந்தக் கேள்வியைக் கொஞ்சம் முன்கூட்டிக் கேட்டேன், அவ்வளவுதான்.

அவன் வீட்டிலிருந்து பதிவு அலுவலகத்துக்குச் சட்டப்படி ஒரே வழி, இரண்டு கிடங்குகளுக்கு நடுவில் போகும் சந்து. ஒருவழிப் பாதை. நடைபாதை கிடையாது. சந்து பெரிய சாலையைத் தொடும் இடத்தில் என் பொறுப்பில் இருந்த சிக்னல். காலை எட்டு மணிக்கே போய்ப் பெட்டியைத் திறந்து குமிழை ஆறிலிருந்து மூன்றுக்குத் திருப்பினேன். நடக்கிறவர்களுக்கான பொத்தானின் கம்பியையும் கழற்றிவைத்தேன். பிறகு சந்தின் அந்த முனைக்குப் போய் அவன் உள்ளே நுழையும்வரை காத்திருந்து, 'வேலை நடக்கிறது, வழி இல்லை' என்ற பலகையை வைத்தேன். ஏதாவது கார் வந்து பச்சையைக் கிளப்பிவிட்டால் எல்லாம் பாழ். முன்னதாகவே வைத்திருந்தால் அவன் உள்ளே நுழைந்திருக்க மாட்டான். இந்த மாதிரிச் சின்ன விஷயங்களில்தான் அனுபவம் தெரியும்.

ஒன்பது நாற்பத்தெட்டுக்கு அவன் கோட்டுக்கு ஒரு சாண் பின்னால் நின்றான். புதுச் சட்டை, மெருகேற்றிய ஷூ, கேரியரில் சான்றிதழ்கள் வைத்த பிளாஸ்டிக் உறை. நான் அடுத்த தெரு வழியாகச் சுற்றி வந்து பெட்டியின் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஆள் உயரக் கதவு. அவன் பொத்தானை அழுத்தினான். மரியாதைக்குக் கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி அழுத்தினான். திரும்பிப் போகலாம் என்றால் ஒருவழிப் பாதை. சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு ஓடலாம் என்றால், அந்தச் சுவரில் 'இங்கே வண்டி நிறுத்தாதீர்' என்று எழுதியிருந்தது. அது நான் எழுதியது அல்ல.

பலகையைப் பொருட்படுத்தாமல் நான்கு சைக்கிள்காரர்கள் சந்துக்குள் வந்தார்கள், எங்கள் வகை. நால்வரும் அவனைத் தாண்டிப் போனார்கள். ரொட்டிக் கூடைகளைக் கட்டிக்கொண்டு வந்த பெண் மட்டும் பிரேக் பிடித்தாள்.

"என்ன சார், சிக்னலுக்குக் காவலா?"

"சிவப்பும்மா."

"அது செத்துப்போச்சு. வாங்க, போலாம்."

"செத்திருந்தா விளக்கே எரியாதேம்மா. எரியுதே."

"அப்போ அதுகூடவே குடும்பம் நடத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டேன்.

பத்து முப்பத்தைந்துக்கு நான் அங்கிருந்து கிளம்பினேன். வழியில் மூன்று சிக்னல், மூன்றும் சிவப்பு. அவள் காத்திருப்பாளே என்று நான் எதிலும் நிற்கவில்லை. பதிவு அலுவலகத்தில் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கையில் வரிசை எண் சீட்டு நான்காக மடிந்து ஈரமாகியிருந்தது.

"எங்க அவரு?"

"சிக்னல்ல நிக்கிறான்."

"இவ்வளவு நேரமாவா?"

"கிடங்குச் சந்துல சிவப்பு மாறல. ஒரு மணி நேரமா நிக்கிறான்."

"தாண்டி வரச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். மாட்டேங்கிறான்."

இதில் கடைசி வரி முழுக்க உண்மையில்லை. நான் அவனிடம் சொல்லவில்லை. ஆனால் சொல்லியிருந்தால் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பான் என்பதால் அதைப் பொய் என்று நான் நினைப்பதில்லை.

"நான் போய்ப் பார்க்கிறேன்" என்று எழுந்தாள்.

"போகலாம்" என்றேன். "ஆனா நீங்களே போய் இழுத்துட்டு வந்த மாதிரி ஆயிடும். அவனா வரணும், இல்லையா?"

உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "நாள் பூரா சிவப்புல நில்லுங்க, நில்லுங்கன்னு கத்துறவ நான்" என்றாள். "எனக்கே சிரிப்பா இருக்கு. இன்னிக்கு ஒரே ஒரு தடவை, எனக்காகத் தாண்டி வந்திருக்கக் கூடாதா?"

பதினொன்றரைக்கு எழுந்தாள். படியில் இறங்கும்போதுதான் அழுதாள். அவள் அழுததைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது. அவள் பையை நான்தான் பஸ் டெப்போவரை தூக்கிக்கொண்டு போனேன். அன்று மாலை ஷிஃப்டையே கேட்டு வாங்கிக்கொண்டு வண்டி எடுத்தாள். வழியில் சாப்பிட்டுவிட்டு நான் சந்துக்குத் திரும்பும்போது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. அவன் அங்கேயே நின்றிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. குமிழை ஆறுக்குத் திருப்பினேன். பச்சை விழுந்தது. இரண்டு பக்கமும் பார்த்து, கை காட்டி, பதிவு அலுவலகப் பக்கம் திரும்பிப் போனான்.

அவளுக்கு ஒரு கடிதம் எழுதினான். '9.48 முதல் 2.18 வரை சிவப்பு மாறவில்லை. தவறு என்னுடையதுதான். இன்னும் முன்னதாகக் கிளம்பியிருக்க வேண்டும்.' காதலுக்கு வாதாடுகிறவன் எழுதுகிற கடிதமா அது? ஒரு மாதம் வைத்திருந்து பார்த்துவிட்டு அவள் அதைக் கிழித்துப் போட்டாள். அந்த ஒரு மாதமும் ஆறுதல் சொல்ல நான் தினமும் போனேன். பதினான்கு மாதம் கழித்து அதே அலுவலகத்தில் அவளும் நானும் பதிவு செய்துகொண்டோம். சாட்சிக் கையெழுத்து அவன்தான் போட்டான். அன்று நடந்தே வந்திருந்தான், இரண்டு மணி நேரம் முன்னதாக. அப்புறம் அவன் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, அவள் மூக்குக்கண்ணாடியின் திருகாணிகளை முடுக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறான்.

இத்தோடு நிறுத்தியிருப்பேன். படிவத்தின் அடியில் 'முழு விவரம் தருக' என்று இருப்பதால் விட்டுப்போன ஒன்றையும் எழுதுகிறேன்.

அன்று பத்து இருபத்தாறுக்கு அவன் ஹெல்மெட்டைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான். மறுபடி மாட்டிக்கொண்டான். பெரிய சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தான். கண்ணுக்கெட்டிய தூரம் எதுவும் வரவில்லை. "மன்னிச்சிரு" என்றான். விளக்கைப் பார்த்துத்தான் சொன்னான். பிறகு மிதித்தான். முன்சக்கரம் கோட்டைத் தாண்டியது. பின்சக்கரமும் தாண்டியது.

பெட்டிக்குள் ஒரு ஆணியில் போக்குவரத்துக் காவலர் விட்டுச்சென்ற விசில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து ஊதினேன். ஒரே ஒரு தடவைதான், அதுவும் சுருக்கமாக. விதிமீறல் கண்ணெதிரே நடக்கும்போது துறை ஊழியன் சும்மா இருக்க முடியுமா? அவன் அந்த இடத்திலேயே இறங்கினான். யார் ஊதியது என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சைக்கிளைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு வந்து கோட்டுக்கு ஒரு சாண் பின்னால் நிறுத்தினான். அதற்கப்புறம் அசையவில்லை.

ஒன்பது நாள் கழித்து என் வீட்டுக்கு வந்தான். கதவைச் சாத்தச் சொன்னான்.

"உன்கிட்ட மட்டும் சொல்றேன்டா. அன்னிக்கு நான் தாண்டிட்டேன். போலீஸ்காரர் விசில் அடிச்சாரு. திரும்பி வந்துட்டேன்."

"அவகிட்ட சொன்னியா?"

"ஐயோ, எப்படிடா? சிவப்புல தாண்டுறவங்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. இப்போ என்னை நேரத்துக்கு வரத் தெரியாதவன்னு மட்டும்தான் நினைச்சிட்டிருக்கா. அது போதும். நீ வாய் தவறிக்கூடச் சொல்லிடக் கூடாது. சத்தியமா?"

"சத்தியமா" என்றேன்.

மறுநாள் மாலை அவளைப் பார்க்கப் போனேன். அவன் கடிதம் அப்போது கிழிபடவில்லை. மேசையில் விரித்தபடி இருந்தது. அவள் அதிலிருந்து கண்ணை எடுக்காமல் என்னைக் கேட்டாள்: "நீங்க அங்க இருந்தீங்களே, உண்மையைச் சொல்லுங்க. ஒரு அடி, ஒரே ஒரு அடியாவது எடுத்து வச்சாரா? வச்சிருந்தாருன்னா இப்பவே எழுந்து அவர் வீட்டுக்குப் போயிடுவேன்."

நான் என்ன செய்ய முடியும், ஐயா? முந்தின நாள்தானே அவனுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன்.