பச்சைப் புள்ளிகள்

எழிலரசி இப்போதெல்லாம் நன்றாகச் சாப்பிடுகிறாள், டாக்டர். நேற்று அவளே சங்கரா மீன் குழம்பு வைத்தாள். உப்பு, புளி எல்லாம் சரியாக இருந்தது. அவளுக்கு நோய் எதுவும் இல்லை என்று நீங்கள் சொல்வதால்தான் நடந்ததைச் சொல்கிறேன். டாக்டரிடம் மறைப்பது நல்லதில்லை.

2006இல் நாங்கள் இருவரும் சிதம்பரத்தில் ஒரே ஆய்வகத்தில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தோம். மனித உடலில் உள்ள ஒரு நொதி, மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் கெட்டுப்போகும். அந்தக் கெட்ட நொதியைச் செல்லுக்குள் உண்டாக்க எழிலரசி ஒரு பிளாஸ்மிட் தயாரித்திருந்தாள். வளையம் போன்ற சின்ன டி.என்.ஏ. அது. நொதியோடு பச்சையாக ஒளிரும் ஒரு புரதத்தையும் சேர்த்திருந்தாள். நல்ல நொதி செல் முழுக்கப் பச்சையாகப் பரவும். கெட்டது புள்ளி புள்ளியாகத் திரளும். அதை முதலில் கண்டது அவள்தான். "இங்க வந்து பாரேன், எவ்ளோ அழகா இருக்கு" என்று என்னைத்தான் கூப்பிட்டாள்.

அந்தப் படங்களைப் பார்த்து ஜெர்மனியில் அவளுக்கு இடம் கொடுத்தார்கள். போயிருந்தால் திரும்பியிருக்க மாட்டாள். என் மனதில் இருந்ததை நான் அதுவரை அவளிடம் சொல்லவில்லை. கொஞ்சம் அவகாசம் தேவைப்பட்டது.

கிளம்பும் முன் சோதனையை இன்னொரு முறை செய்து காட்டச் சொன்னார் எங்கள் வழிகாட்டி லோகநாயகி மேடம். அவள் பிளாஸ்மிட் வைத்திருந்த சோதனைக் குழாயில் இருந்ததை எடுத்துவிட்டு நல்ல நொதியின் பிளாஸ்மிட்டை ஊற்றி வைத்தேன். இரண்டும் பார்க்கத் தண்ணீர்போல்தான் இருக்கும். ஃப்ரீசரில் இருந்த கூடுதல் குழாய்களையும் விடவில்லை. அப்புறம் அவள் எத்தனை தடவை செய்தும் புள்ளிகள் வரவில்லை.

"பழைய படத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல மாத்தினியா? உண்மையச் சொல்லும்மா."

"சத்தியமா இல்லீங்க மேடம். என் குழாய டெஸ்டுக்கு அனுப்பிப் பாருங்க."

நியாயமான கோரிக்கை. அனுப்பும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். ஒளித்து வைத்திருந்த அவளுடைய அசல் பிளாஸ்மிட்டை அனுப்பினேன். குழாயில் இருப்பது சரியானதுதான் என்று பதில் வந்தது. சரியான பிளாஸ்மிட் இருந்தும் புள்ளிகள் வரவில்லை என்றால், பழைய படங்கள் பொய்தானே? ஆய்வகத்தை விட்டு அனுப்பிவிட்டார்கள். யாரும் அவளோடு பேசவில்லை. நான் பேசினேன். அடுத்த வருடம் திருவந்திபுரம் கோயிலில் கல்யாணம், செம்மண்டலத்தில் வீடு. நல்லபடியாகத்தான் இருந்தோம்.

போன மாதம் வேறொரு நாட்டு ஆய்வாளர்கள் அதே புள்ளிகளைக் கண்டு வெளியிட்டார்கள். எழிலரசி அதை நெட்டில் படித்துவிட்டாள்.

"மாமா, அப்ப என் குழாய்ல என்ன இருந்துச்சு? டெஸ்டுக்கு அனுப்புனது நீங்கதான?"

அன்றிலிருந்து நான் கொடுக்கும் தண்ணீரைக்கூடக் குடிப்பதில்லை. என் பையைத் துழாவுகிறாள். நான் தூங்கிவிட்டேனா என்று பார்க்கிறாள். சந்தேக நோய் என்று அவள் அம்மாவிடம் சொன்னேன். அவர் நம்பிவிட்டார். அழுதுகொண்டே சிகிச்சைக்குச் சம்மதித்தார். அதன் பிறகுதான் உங்களிடம் அழைத்து வந்தேன்.

உங்களிடம் அவள் சொன்னது அத்தனையும் உண்மை. ஒரு வார்த்தைகூடக் கற்பனை இல்லை. ஆனால் அது உண்மை என்று தெரிந்து அவளுக்கு என்ன ஆகப்போகிறது? வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். கூப்பிட்டு, நோய்தான் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?