எட்டாவது பேரு

ஒயரே வேணாம் டாக்டரம்மா, கம்ப்யூட்டருங்க காத்துலயே பேசிக்கும். ஆறு வருஷமா உங்க கிளினிக்குக்கு வைஃபை பார்க்கறேன், அது எப்படி வேலை செய்யுதுன்னு இன்னிக்குத்தான் கேக்கறீங்க. என்னை நிறுத்தற அன்னிக்கு! சரி, கேளுங்க.

மேல மாட்டியிருக்கே வெள்ளை டப்பா, அதான் ரவுட்டர். ரேடியோ மாதிரி அலை அனுப்பும். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளயும் குட்டியா ஒரு ஆன்டெனா இருக்கு, அது வாங்கிக்கும், திருப்பி அனுப்பும். இங்க ஒண்ணோட ஒண்ணு நேரா பேசாது. நீங்க எழுதற மருந்துச் சீட்டை டப்பா வாங்கி, மருந்துக் கவுன்ட்டருக்குத் தள்ளிவிடும். நடுவுல நிக்கற ஆளு அது. ஏதாவது வரலேன்னா திட்டு மட்டும் எனக்கு.

சுவர்தான் அதுக்கு எதிரி. ஒரு சுவர்னா சமாளிச்சுடும். ரெண்டு தாண்டினா, இதோ ஸ்கிரீன்ல சிக்னல் காட்டற இந்தக் கோடு இருக்கில்ல, பாதியாயிடும். மாடியில படம் மெதுவா வருதுன்னு கத்தினீங்களே, அதனாலதான். இன்னொரு டப்பா வைங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், நீங்க காதுலயே போட்டுக்கல.

இருங்க, தங்கச்சி போன் பண்றா. சொல்லும்மா... தூங்கறாரா? ஐயோ, எழுப்பாதே. சாயங்காலம் வரேன்.

அவ வீட்டுக்காரருக்கு முதுகுவலி. உங்களுக்குத் தெரியுமே அவரை, நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதானே இதெல்லாம் மாட்டினோம். நாலு மாசமா படுத்த படுக்கை. ஏணி ஏறறது, சுவர்ல ஓட்டை போடறது எல்லாம் இப்போ நான் ஒத்தை ஆளு. அது முடிச்சுட்டு, தினம் சாயங்காலம் போய் அவரைத் தூக்கி உட்கார வைக்கறதும் நான்தான். ஒரு நாள் முகம் சுளிச்சிருப்பேனா?

சேச்சே, கோபமெல்லாம் இல்ல. புது ஆளைப் போடறது உங்க இஷ்டம். யாருன்னு சொல்ல மாட்டேங்கறீங்க, வேணாம், விடுங்க. பாஸ்வேர்டை ஒப்படைச்சுட்டுக் கிளம்பறேன். அதுக்கு முன்னாடி யார் யார் சேர்ந்திருக்காங்கன்னு ஒரு தடவை பார்த்துடறேன், பழக்கதோஷம். வரவேற்பு, மருந்து, ஊசி ரூம், மாடி, பிரிண்டரு, உங்க போன், என் போன். ஏழாச்சா. எட்டாவது...

ஒண்ணுமில்ல. ஏதோ ஒரு லேப்டாப்பு.

நாற்காலியை ஏன் கதவுப் பக்கம் நகர்த்தறீங்க? உட்காருங்க.

ஒரு தடவை பாஸ்வேர்டு குடுத்துட்டா அது மறக்காது பாருங்க. அடுத்த தடவை மூடியைத் திறந்தா போதும், யாரையும் கேக்காம தானா வந்து ஒட்டிக்கும். தொழில்ல ஊறின ஆளுகூட அவசரத்துல அதை மறந்துடுவாரு. பேரைப் படிங்க. புதுமாப்பிள்ளை. தங்கச்சி கல்யாணத்துக்கு நான் வாங்கிக் குடுத்தது. கிண்டலுக்கு அந்தப் பேரை வெச்சதும் நான்தான். இன்னும் மாத்தல மனுஷன்.

கோடு முழுசா நிக்குது. அப்போ ஒரே ஒரு சுவருக்கு அந்தப் பக்கம். உங்க பின்னாடி இருக்கற ரூம்.

திறக்க வேணாம் டாக்டரம்மா. அந்த மூஞ்சியை எனக்குப் பார்க்க வேணாம். வயிறு எரியுது, இல்லேங்கல. ஆனா எங்கேயோ நல்லா இருந்துட்டுப் போகட்டும், அவரைக்கூட மன்னிச்சிடுவேன்.

இப்போ போன்ல சொன்னாளே, ஒத்தடம் குடுத்தேன்ணா, இப்போதான் கண்ணசந்தாரு, எழுப்பட்டுமான்னு. அவ என் கூடப் பொறந்தவ.